வேதியியல் அடிப்படைகள் மனதில் நிற்க: நான் படித்த விதம், இப்போது சொல்லிக்கொடுக்கும் விதம்

மேல்நிலை வகுப்பில் வேதியியல் எடுத்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இத்தனை சமன்பாடுகளையும் எப்படி மனப்பாடம் செய்வது?" என்பதைத்தான். அந்த வகுப்புகளை முடித்து, அப்புறம் கல்லூரியிலும் வேதியியலே படித்து, இப்போது தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிற அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் மனப்பாடம் செய்ய நினைப்பதில் பெரும்பகுதிக்கு மனப்பாடமே தேவையில்லை. ஒரு வினையைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே துகள்கள் என்ன செய்கின்றன? எத்தனை துகள்கள்? ஆற்றல் எதற்குச் செலவாகிறது, எதிலிருந்து வருகிறது? இந்த மூன்றுக்கும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் உங்களுடையது. பாடத்துக்குப் பாடம் கருத்து மாறுவதுபோலத் தெரிந்தாலும் இந்த மூன்று கேள்விகள் மாறுவதில்லை.

முதலில் மோல். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு வேறு எதைப் படித்தாலும் கரைசல்கள், வெப்ப வேதியியல், மின்வேதியியல் என்று எங்கே போனாலும் திரும்ப இங்கேதான் வந்து முட்டுவீர்கள். மோல் என்பது ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். 6.022 × 10²³ துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை என்று வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்ற எண்ணையே நேரடியாக வரையறையாக வைத்துவிட்டார்கள். நமக்கு இது ஏன் தேவை என்றால், வினைகள் எண்ணிக்கைக் கணக்கில் நடக்கின்றன, தராசோ கிராமில் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் மோல் நிற்கிறது. அதனால் எந்தக் கணக்காக இருந்தாலும் முதல் வேலை கிராமை மோலாக மாற்றுவது, கடைசி வேலை மோலைத் திரும்பக் கிராமாக மாற்றுவது. நடுவில் கிராமைத் தொடவே கூடாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 10 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்ஸிஜனும் இருக்கின்றன, எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? இரண்டும் சம எடை என்பதால் கை உடனே 20 கிராம் என்று எழுதப் போகும். மோலுக்கு மாற்றுங்கள். ஹைட்ரஜன் 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5 மோல், ஆக்ஸிஜன் 10-ஐ 32-ஆல் வகுத்தால் 0.3125 மோல். ஒரு மோல் ஆக்ஸிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன்தான் தேவை, ஆகவே செலவாகப் போவது வெறும் 0.625 மோல் ஹைட்ரஜன், அதாவது 1.25 கிராம். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் வினை நின்றுவிடும், அதுதான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. கிடைக்கும் தண்ணீர் 0.625 மோல், 18-ஆல் பெருக்கினால் 11.25 கிராம். மீதி ஹைட்ரஜன் 8.75 கிராம். இப்போது 11.25-ஐயும் 8.75-ஐயும் கூட்டுங்கள், 20 வருகிறது. ஆரம்பித்த எடையும் 20. இந்தக் கடைசிக் கூட்டலுக்கு சில நொடிகள்கூட ஆகாது, விடை சரியா என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் இதை மட்டும் விடாமல் கேட்டு வாங்குகிறேன்.

அடுத்தது ஆற்றல். இங்கே ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது: பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்று. உண்மை நேர் எதிர். பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். அதே ஹைட்ரஜன்-ஆக்ஸிஜன் வினையையே எடுங்கள். இரண்டு மோல் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் வீதம் 872, ஒரு மோல் ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பை உடைக்க 498, மொத்தச் செலவு 1370 கிலோஜூல். உருவாகும் தண்ணீரில் நான்கு மோல் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள், தலா 463 என்றால் வரவு 1852. வரவில் செலவு போக 482 கிலோஜூல் வெளியே வருகிறது, ஒரு மோல் நீராவிக்கு 241. சோதனையில் அளந்த மதிப்பு ஏறத்தாழ 242. வெப்பம் உமிழ் வினை என்ற பெயரை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு பெயர் தெரியும், இந்த வரவு செலவைப் போட்டுப் பார்த்தவருக்கு வெப்பம் எங்கிருந்து வந்தது என்றே தெரியும்.

இதே கண்ணோடு சோடியம் குளோரைடைப் பாருங்கள். "சோடியம் எட்டு எலக்ட்ரான் அமைப்பை அடைய விரும்புகிறது, அதனால் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது" என்று சின்ன வகுப்பில் படித்திருப்போம். அணுவுக்கு விருப்பம் எதுவும் கிடையாது. சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது 349-தான் கிடைக்கிறது. அதாவது எலக்ட்ரான் கைமாறியது மட்டும்தான் கணக்கு என்றால் நட்டம். அதற்கு முன்பு திண்ம சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107, குளோரின் மூலக்கூறை உடைத்து ஒரு மோல் அணு எடுக்க 121 வேறு. இந்த நட்டத்தையெல்லாம் ஈடுகட்டுவது எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாகச் சேரும்போது வெளிவரும் 787 கிலோஜூல், படிகக்கூடு ஆற்றல். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 412 கிலோஜூல் வெளியே வருகிறது, அளவிடப்பட்ட மதிப்பு 411. பார்ன்-ஹேபர் சுழற்சி என்று படம் போட்டு நம்மைப் பயமுறுத்துவது இந்தக் கூட்டல் கழித்தலைத்தான். சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானைக் கொடுப்பதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அதற்கு 4562 கிலோஜூல் தேவை. படிகத்தில் கிடைப்பது அதற்கு ஈடாகாது.

தனிம வரிசை அட்டவணைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். உட்கரு இழுக்கிறது, உள் எலக்ட்ரான்கள் மறைக்கின்றன, தூரம் கூடினால் பிடி தளர்கிறது, இந்த மூன்றை வைத்தே எல்லாப் போக்குகளையும் எழுதிவிடலாம். விதிவிலக்குகளை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக் காரணத்தோடு படியுங்கள். முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், அதாவது முதல் அயனியாக்கும் ஆற்றல், நைட்ரஜனுக்கு 1402 கிலோஜூல், அதற்கடுத்த ஆக்ஸிஜனுக்கு 1314. ஏன் குறைந்தது? ஆக்ஸிஜனில் ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஒன்றை எடுப்பது எளிதாகிவிடுகிறது. தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

சமநிலைப் பாடம்தான் என்னைப் பொறுத்தவரை மேல்நிலை வேதியியலின் இதயம். சமநிலை என்றால் இரண்டு பக்கமும் சம அளவு என்று எண்ணிவிடாதீர்கள், சமமாக இருப்பது வேகங்கள் மட்டும்தான். வினை நின்றுபோவதும் இல்லை, முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருப்பதால் அளவு மாறாமல் தெரிகிறது. அம்மோனியா தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், இரண்டு அம்மோனியா. கலனின் கன அளவைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால், லே சாட்லியர் கொள்கைப்படி மோல் எண்ணிக்கை குறைவான பக்கம் நகரும் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஏன்? எல்லாச் செறிவும் இரு மடங்காகிறது. விளைபொருளின் செறிவை மேலேயும் வினைபடு பொருள்களின் செறிவைக் கீழேயும் வைத்து எழுதும் சமநிலை மாறிலிக் கோவையின் மேலே அம்மோனியாவின் செறிவு இரண்டின் அடுக்கில் இருக்கிறது, அது 4 மடங்கு. கீழே நைட்ரஜன் 2 மடங்கு, ஹைட்ரஜன் மூன்றின் அடுக்கில் இருப்பதால் 8 மடங்கு, மொத்தம் 16. ஆகவே அந்த விகிதம் கால் பங்காகச் சுருங்கிவிட்டது, பழைய மதிப்புக்கு ஏற வேண்டுமானால் அம்மோனியா கூடியே ஆக வேண்டும். இந்த நான்கு வரியை ஒரு முறை கையால் எழுதிப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு "அழுத்தம் கூடினால் எந்தப் பக்கம்" என்று யோசித்து நிற்பதை நான் பார்த்ததில்லை. கன அளவு மாறாமல் ஆர்கான் போன்ற வாயுவைச் சேர்த்தால் சமநிலை ஏன் நகர்வதில்லை என்பதும் இதே வழியில் தெரிந்துவிடும், எந்தச் செறிவும் மாறவில்லையே. சமநிலை மாறிலியின் மதிப்பை மாற்றக்கூடியது வெப்பநிலை மட்டும். வினையூக்கி இரண்டு திசையிலும் வேகத்தைக் கூட்டுவதால் சமநிலைக்குச் சீக்கிரம் கொண்டு சேர்க்கும், இடத்தை மாற்றாது.

அம்மோனியா வினை வெப்பம் உமிழ் வினை, குறைந்த வெப்பநிலையில்தான் விளைச்சல் அதிகம். அப்படியிருக்க ஆலையில் 400 முதல் 450 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி என்று ஏன் வைக்கிறார்கள்? குளிர்ந்த நிலையில் வினை நகரவே நகராது. எவ்வளவு கிடைக்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாகக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் வினைவேகவியலும் சமநிலையும் தெளிந்துவிடும்.

வினைவேகவியலில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று படிக்கிறோம். மூலக்கூறுகள் வேகமாக ஓடி அதிகமாக மோதுகின்றன என்று காரணம் எழுதினால் அது போதாது, 300 கெல்வினிலிருந்து 310-க்குப் போனால் மோதல் எண்ணிக்கை 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. கூடுவது கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கக் குறைந்தபட்சம் தேவையான ஆற்றலை, தாண்டும் மூலக்கூறுகளின் பங்கு. கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூலுக்குச் சற்று மேலே இருக்கும் வினைகளில் அந்தப் பங்கு இரு மடங்காகிறது, அவ்வளவுதான் சேதி.

அமிலத்தில் வலிமை வேறு, செறிவு வேறு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1, அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 2.9, ஏனென்றால் அதில் 1.3 சதவீதம்தான் அயனியாகியிருக்கிறது. ஆனால் இரண்டிலும் 25 மில்லிலிட்டர் எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் இரண்டுக்குமே 25 மில்லிலிட்டர்தான் செலவாகும். காரம் சேரச்சேர ஹைட்ரஜன் அயனி குறைகிறது, சமநிலை நகர்ந்து மீதி அமிலமும் அயனியாகிக்கொண்டே வருகிறது. சமநிலைப் பாடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று, 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்று கேட்டால் 8 என்று எழுதிவிடாதீர்கள். அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகிவிடாது. தண்ணீர் தரும் அயனிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 6.98 வரும். விடை வந்ததும் இது நடக்கக்கூடியதுதானா என்று ஒரு கணம் யோசிக்கும் பழக்கம் இந்த மாதிரி இடங்களில் காப்பாற்றும்.

கரிம வேதியியலைக் கண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். எதிர்மின்சுமை மிகுந்த இடம் எது, குறைந்த இடம் எது, எலக்ட்ரான் ஜோடி எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பழகுங்கள். புரப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் 2-புரோமோபுரப்பேன், பெராக்சைடு இருந்தால் 1-புரோமோபுரப்பேன். மார்கோவ்னிகாஃப் விதி, எதிர் மார்கோவ்னிகாஃப் விதி என்று இரண்டாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. முதல் வினையில் ஹைட்ரஜன் முதலில் முனைக் கார்பனில் சேர்கிறது, ஏனென்றால் அப்போதுதான் நடுக் கார்பனில் நிலைப்புத்தன்மை கூடிய ஈரிணைய கார்பன் நேரயனி (நேர்மின்சுமையுள்ள கார்பன் இரண்டு கார்பன்களோடு இணைந்திருப்பது) உருவாகும். பெராக்சைடு இருக்கும்போது முதலில் வந்து சேர்வது புரோமின் தனி உறுப்பு (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள புரோமின் அணு), அதுவும் அதே காரணத்துக்காக முனைக் கார்பனில்தான் சேர்கிறது, நடுவில் ஈரிணையத் தனி உறுப்பு உருவாகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்று, முதலில் வருபவர் மட்டும் வேறு. ஒரு வினைக்கு ஒரு நாள் செலவிட்டு இப்படிப் படித்தால்கூட நேரம் வீணாகாது.

சரி, எப்படி உட்கார்ந்து படிப்பது? நான் செய்ததும் இன்றும் செய்யச் சொல்வதும் இது. பாடத்தை ஒரு முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் அந்தப் பாடத்தை அது தெரியாத ஒருவருக்கு விளக்குவதுபோல எழுதுங்கள். எழுத்து எங்கே தடுக்குகிறதோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம், அங்கே மட்டும் திரும்பப் புத்தகத்தைத் திறங்கள். முழுப் பாடத்தையும் மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருப்பது பழக்கமான வரிகளைப் பார்த்துத் தெரிந்ததுபோன்ற ஒரு தோற்றத்தைத்தான் தரும். கணக்குகளில் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள், அலகு ஒத்துவரவில்லை என்றால் சூத்திரம் தவறு. வாயு மாறிலியை 8.314 என்று எடுத்தால் ஆற்றலை ஜூலில் போட வேண்டும், கிலோஜூலில் கொடுத்த என்தால்பி மாற்றத்தை (மாறா அழுத்தத்தில் வினையின் வெப்பத்தை) அப்படியே போட்டு மதிப்பெண் இழப்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

உண்மையாகவே மனப்பாடம் செய்ய வேண்டியவையும் உண்டு. அயனிகளின் பெயரும் மின்சுமையும், உப்புப் பகுப்பாய்வில் வரும் நிறங்கள், சில வினைப்பொருள்களின் பெயர்கள், முக்கியமான மின்முனை அழுத்தங்கள். இவற்றைத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தனியாகப் படியுங்கள், கருத்துப் பாடங்களோடு கலக்க வேண்டாம். தேர்வுக்கு நாள் குறைவாக இருந்தால் மோல், வெப்ப ஆற்றல், சமநிலை, அமில-காரம் என்ற வரிசையில் முதலில் முடித்துவிட்டு மின்வேதியியலுக்குப் போங்கள். அதில் வருவதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே படித்ததாகத்தான் இருக்கும், துத்தநாகத்தின் மின்முனை அழுத்தமான -0.76-ஐயும் தாமிரத்தின் 0.34-ஐயும் வைத்து அவை சேர்ந்த மின்கலத்துக்கு 1.10 வோல்ட் எப்படி வந்தது என்று உங்களாலேயே சொல்லிவிட முடியும்.