சின்னக் குழந்தையோடு வண்டலூர்: அரை நாள், ஐந்தாறு விலங்குகள்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், ஏறக்குறைய 1,500 ஏக்கர். மூன்று வயதுக் குழந்தையின் கால்களுக்கு அதில் ஒரு மூலையே அதிகம். டிக்கெட் வாங்கியாச்சு, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பும் குடும்பங்களில் பதினோரு மணிக்கெல்லாம் குழந்தை அழுகிறது, பெரியவர்கள் அடுத்த கூண்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போனால் குழந்தை ஒன்றையும் பார்த்திருக்காது. ஐந்தாறு விலங்குகளை முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் பத்துப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

தாத்தா பாட்டி உடன் வந்தால் அவர்களிடமும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம் இருந்த பழைய உயிரியல் பூங்கா, பேச்சுவழக்கில் ‘உயிர் காலேஜ்’, அவர்கள் மனதில் இருக்கும். அங்கே கம்பிக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் விலங்கு நின்றது. 1985-இல் திறந்த வண்டலூரில் பல பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவில் அகழி இருக்கிறது. விலங்குக்கு அது நல்லது. ஆனால் அது தூரத்தில், மர நிழலில், அசையாமல் கிடக்கும். சின்னக் குழந்தைக்கு அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

காலை ஒன்பது மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருப்பதுதான் பாதி வெற்றி. சிங்கமும் புலியும் ஒரு நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிப்பவை. வெயில் ஏறாத காலையிலும் சாயங்காலத்திலும்தான் கொஞ்சம் நடமாடும். பதினொன்றரைக்குப் போய் நின்றுகொண்டு “எழுந்திரு” என்று கத்துவதில் பயனில்லை. கத்துவது சட்டப்படி குற்றமும்கூட. பூங்கா விலங்குகளைச் சீண்டுவது, அவற்றுக்குத் தீனி போடுவது, சத்தமிட்டுத் தொந்தரவு செய்வது எல்லாவற்றையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே முதலில் புலி, சிங்கம். வெயில் ஏறிய பின் நீர்யானை, பாம்புகள், இரவு விலங்கு இல்லம்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. பண்டிகை வாரங்களில் இது மாறலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசையில் குழந்தையின் பொறுமை தீராது. புறநகர் ரயிலில் தாம்பரம், பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அந்த வாகன நெரிசலில் கையைப் பிடித்து நடத்துவது போதாது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் போவதற்கு நல்ல காலம்: வெயில் தணிந்திருக்கும், பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் தண்ணீர் நின்றால் வலசைப் பறவைகளும் வரும். காணும் பொங்கலை மட்டும் தவிருங்கள். அன்று கூட்டத்தில் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் முதுகுதான்.

பேட்டரி வண்டியில் ஒரு சுற்றுப் போனால் நடை மிச்சம். ஆனால் அது நிற்கும் இடமும் நேரமும் அவர்கள் கையில். குழந்தைக்குப் புலி கண்ணில் படும் நேரத்துக்கு வண்டி கிளம்பிவிடும். நாலு வயதுக்குக் குறைவான குழந்தை என்றால் நடந்தே போய், தூக்கு பையிலோ தள்ளுவண்டியிலோ மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது மேல். உள்ளே போகும் தூரம் முழுக்கத் திரும்பி வரவும் வேண்டும். “கால் வலிக்குது” என்ற முதல் குரல் கேட்டதும் வாசல் பக்கம் திரும்பிவிடுங்கள்.

இனி, பார்ப்பது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 95 செ.மீ. நமக்கு இடுப்பளவு வரும் தடுப்புச் சுவர் அதற்கு முகத்துக்கு நேராக நிற்கும். தூக்கிக் காட்டுங்கள், ஆனால் சுவர் மேலோ கம்பி மேலோ உட்கார வைக்காதீர்கள். போட்டோவுக்காக ஒரு நொடி என்றாலும் வேண்டாம். குழந்தை திடீரென்று முன்னால் சாயும், அந்தப் பக்கம் அகழி.

“அதோ பாரு” என்று விரல் நீட்டினால் குழந்தை பல நேரம் விரலைத்தான் பார்க்கும். உங்கள் கன்னம் அதன் கன்னத்தோடு ஒட்டும்படி குனிந்து, அடையாளம் சொல்லுங்கள்: “பெரிய மரம் தெரியுதா? அதுக்குக் கீழே கறுப்பா நிழல். நிழல்ல ஒரு வால் ஆடுது பார்.” முழு உருவத்தைவிட அசையும் காதும் வாலும் சீக்கிரம் கண்ணில் படும். பைனாகுலர் இந்த வயதுக்கு உதவாது, இரண்டு கண்ணையும் அதில் பொருத்தத் தெரியாது.

நீர்யானையிடம் பொறுமை வேண்டும். வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பகலில் அது நீருக்குள்தான் கிடக்கும், ஆனால் மூச்சு விட மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கொரு முறை மேலே வந்தாக வேண்டும். முதலில் மூக்குத் துவாரம், பிறகு கண், காது. எல்லாம் தலையின் மேற்பக்கத்திலேயே இருக்கும். குழந்தையோடு சேர்ந்து மெதுவாக எண்ணிக்கொண்டே நில்லுங்கள். அது “புஸ்” என்று மூச்சு விடும்போது குழந்தை துள்ளும்.

முதலை வாயைப் பிளந்தபடி சிலைபோலக் கிடந்தால் கோபமில்லை. உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பொம்மை என்று நினைத்துக் கல்லெறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், குழந்தையின் முன்னால் அவர்களைத் தடுக்கத் தயங்க வேண்டாம். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, அதிர்வு நன்றாகத் தெரியும். கண்ணாடியைத் தட்டுவது அதற்கு வேதனை. வெள்ளைப்புலி தனி இனம் இல்லை. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒரு அரிய மரபணு சேர்ந்து வந்ததால் நிறம் மாறிய வங்கப் புலிதான். குழந்தைக்கு “இதுவும் அதே புலிதான், நிறம் வேற” என்றால் போதும். சிங்கவால் குரங்கையும் நீலகிரிக் கருமந்தியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்கள், உலகில் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாதவை.

ஒரு விலங்கு ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தால், யானை நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தால், அதை “டான்ஸ் ஆடுது” என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அடைபட்ட வாழ்க்கையின் நெருக்கடி அப்படி வெளிப்படும். “அதுக்குச் சலிப்பா இருக்கு, நாம சத்தம் போடாம பாப்போம்” என்றால் மூன்று வயதுக்கும் புரியும்.

இரவு விலங்கு இல்லங்களில் பொழுதைத் திருப்பி வைப்பார்கள்: பகலில் இருட்டு, இரவில் வெளிச்சம். வெயிலில் இருந்து நேரே உள்ளே போனால் ஒன்றும் தெரியாது, குழந்தை பயந்து அழும். வெளியே நிழலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “உள்ளே இருட்டா இருக்கும், நான் தூக்கிக்கறேன்” என்று முன்னாலேயே சொல்லிவிட்டு நுழையுங்கள். கண் பழகச் சில நிமிடம் ஆகும். செல்போன் டார்ச் கூடவே கூடாது, விலங்குக்கும் கூசும், பழகிய உங்கள் கண்ணும் கெடும்.

சாப்பாட்டுக்கு எள்ளுப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், வாழைப்பழம். எல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் பையும் பாக்கெட்டும் வாசலிலேயே சோதனையில் மாட்டும். பூங்காவில் சுதந்திரமாகத் திரியும் நாட்டுக்குரங்குகளுக்குச் சிப்ஸ் பாக்கெட்டின் சரசரப்பு போதும், குழந்தையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கீறும், கடிக்கும். கீறலோ கடியோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கம்பி, சுவர் எல்லாம் தொட்ட கை. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் மட்டும் போதாது.

தண்ணீரை அரை மணிக்கொரு முறை நீங்களே கேட்டுக் கொடுங்கள், விளையாட்டில் குழந்தை கேட்காது. தொப்பி, பருத்திச் சட்டை, பழகிய செருப்பு. புதுச் செருப்பு வேண்டாம். கழிப்பறையைக் கண்ட இடத்திலெல்லாம் கூட்டிப்போய்விடுங்கள், அடுத்தது எவ்வளவு தூரம் என்று அங்கே நின்று யோசிக்க நேரமிருக்காது. மரங்கள் அடர்ந்த இடம், கொசு இருக்கும். முழுக்கை சட்டை நல்லது.

காணாமல் போவதற்கு ஒரு நிமிடம் போதும். மெரினாவில் காணும் பொங்கலன்று போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்போன் எண்ணைக் கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நீங்களும் செய்யலாம்: முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எண்ணை எழுதி, சட்டைப் பையிலும் ஒரு சீட்டு. வாசலில் நிற்கும்போதே அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டி வந்தால், பதற்றத்தில் சட்டை நிறம்கூட நினைவுக்கு வராது.

வெளியே வரும் வழியில் பொம்மைக் கடைகள் கண்ணில் படும். புலி பொம்மை வாங்குவதா வேண்டாமா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே பேசி முடித்துவிடுங்கள். தூக்கமும் பசியும் சேர்ந்த குழந்தையிடம் பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பேச்சை ஆரம்பிக்க முடியாது.