பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்

பின் டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கர அமைப்பு, ஒரு தடவை போனால் வண்டிக்கு வயசாகிவிட்டது, ஓட்டம் அதிகம் என்று ஏதாவது சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். அதே வண்டியில் மறுபடி மறுபடி போகிறது என்றால், கெடுக்கிற காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நாம் கெட்டதை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. மஸ்கட்டில் வாதி கபீர் சனையாவில் (தொழிற்பேட்டை) ஒரு கராஜில் ஆக்ஸில், கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவற்றில் நிறைய பெரிய எஸ்யூவிகள்தான், ஏழெட்டுப் பேர் உட்காரும் வண்டிகள், சும்மா நின்றாலே இரண்டரை டன் எடை. எந்தக் கம்பெனி என்பது இந்த விஷயத்தில் முக்கியம் இல்லை, எல்லாவற்றிலும் பார்த்தாகிவிட்டது.

இங்கே அந்த வண்டிகள் படும் பாடு தனி. வியாழக்கிழமை ராத்திரி நிஸ்வா ரோட்டில் 120ல் போவார்கள், மறுநாள் காலை ஜபல் அக்தர் ஏற்றம். பிர்கத் அல் மௌஸ் செக்போஸ்டில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியைப் போலீஸ் மேலே விடாது, அவ்வளவு செங்குத்து, மேலே சைக் சுமார் 2000 மீட்டர் உயரம். இன்ஜின் பக்கத்துச் சிறிய பற்சக்கரம் பினியன், அது திருப்பும் பெரிய பற்சக்கரம் கிரவுன் வீல். ஏறும்போது கிரவுன் வீல் பல்லின் ஒரு முகம் அழுத்தம் வாங்குகிறது. இறங்கும்போது பிரேக் காயக்கூடாது என்று லோ கியரில் போட்டு இன்ஜினால் பிடித்துக்கொண்டே வருவதால், மலை முடியும்வரை பல்லின் மறுமுகம் விடாமல் வாங்குகிறது. ஊருக்குள் ஓடும் வண்டியில் அந்த மறுமுகத்துக்கு இவ்வளவு வேலையே கிடையாது. அப்புறம் வஹீபா மணல், வாதி பனி அவுஃப் பாறைப் பாதை, மழை பெய்திருந்தால் வாதியில், அதாவது வறண்ட ஆற்றுப் படுகையில், தேங்கிய தண்ணீர். இத்தனையையும் தாங்குவது இந்தப் பற்சக்கரங்களை மூடிப் பின்னால் தொங்கும் ஹவுசிங்கும் அதற்குள் இருக்கும் சில லிட்டர் எண்ணெயும்தான்.

நான் சொல்லப்போகும் வண்டி ஒரு ஓமானியுடையது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலைக்கும் மணலுக்கும் போவதுதான் அவர் பிழைப்பு. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு இடங்களில் வேலை பார்த்து, ஷார்ஜாவிலிருந்து டிஃபரன்ஷியலோடு ஒரு ஸ்கிராப் ஆக்ஸிலும் இறக்கிப் போட்டு, அதுவும் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் வந்தார். "சதீக் (நண்பா), எனக்குப் புது சாமான் வேண்டாம், ஏன் போகிறது என்று மட்டும் சொல்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்குகிற கராஜ்தான் கிடைப்பது இல்லை.

முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், லிஃப்டில் ஏற்றினால் பாரம் இல்லாமல் சுற்றும், பாதி சத்தம் அங்கேயே ஒளிந்துகொள்ளும். பௌஷரிலிருந்து அமராத் போகும் மலை ரோடு இதற்கு அருமையான இடம், ஏற்றமும் இறக்கமும் அடுத்தடுத்து வரும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் ஓட்டு முகத்தைச் சந்தேகப்படுவேன், காலை எடுத்ததும் ஊளை வந்தால் மறுமுகம் அல்லது பினியன் பேரிங் தளர்வு. மிதித்தாலும் எடுத்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங். அதிலும் சக்கரத்துப் பேரிங்கா பினியன் பேரிங்கா என்று காது பிரித்துச் சொல்லும், ஏனென்றால் 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த அளவு டயர் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும், கிரவுன் பினியன் பல் விகிதம் 3.73 என்றால் பினியன் அதே நேரத்தில் 2400க்கு மேல் சுற்றும். சக்கரத்துப் பேரிங் உறுமும், பினியன் பேரிங் கீச்சென்று மேலே போகும். ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதும் ஆட்டினால் சக்கரத்துப் பேரிங் சத்தம் மாறும், பினியன் மாறாது. இந்த வண்டியில் மாறவில்லை.

கவரைத் திறந்ததும் எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. இதைப் பார்த்தவுடன் தண்ணீர் என்று யாரும் சொல்வார்கள், நின்று பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு. பினியனின் உள் பேரிங்கைக் கழற்றி, ரோலர்கள் ஓடும் வெளி வளையமான கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். ஓடும் பாதையில் சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடுகள், ஒரே இடைவெளியில், ரோலருக்கும் ரோலருக்கும் உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவு. விரல் நகத்தை மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டியது. ஓடும்போது வந்த தேய்மானம் என்றால் பாதை முழுக்கப் பரவியிருக்கும். இது வண்டி நின்றிருந்தபோது, ரோலர் கப்பைத் தொடும் இடத்தில் தண்ணீர் தங்கித் துருவேறி அரித்த அடையாளம். அதன் மேல் மறுநாள் 120ல் ஓட்டினால் அந்தக் கோட்டிலிருந்து எஃகு செதில் செதிலாகப் பெயரும்.

அவர் போய் டிக்கியிலிருந்து ஒரு அரிசிப் பையை எடுத்து வந்தார். முன்பு கழற்றிய சாமான் எல்லாம் அதில் இருந்தது, புதுசு போட்டார்களா ஏமாற்றினார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பைதான் எனக்குக் கேஸையே திறந்து காட்டியது. அதில் இருந்த பினியன் பேரிங்கில் துரு இல்லை, நீலம் பாய்ந்திருந்தது. நீலம் என்றால் சூடு. எண்ணெய் குறைந்திருக்க வேண்டும், அல்லது பேரிங்கை இறுக்கிக் கொன்றிருக்க வேண்டும். ஒரே வண்டியில் ஒரு தடவை சூட்டால், அடுத்த தடவை தண்ணீரால் என்றால் இரண்டையும் சேர்த்து விளக்கும் ஏதோ ஒன்று வேண்டுமே.

அது ஆக்ஸில் குழாயின் மேல், சக்கரத்துக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே, மண் அப்பிக் கிடந்தது. பிரீதர், ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் வழி. சாதாரணமாக அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் மேலே பாடி வரைக்கும் போகும். இதில் ஹோஸே இல்லை, நிப்பிளின் வாயில் சிலிகான் வைத்து அடைத்திருந்தது. அங்கே எண்ணெய்க் கசிவு தெரிந்து நல்லதுக்குத்தான் யாரோ அடைத்திருப்பார்கள். முதல் ஆக்ஸிலில் அப்படி அடைத்திருக்க வேண்டும், ஸ்கிராப் ஆக்ஸிலைப் போட்டவர்கள் அதைப் பார்த்து இதையும் அதே மாதிரி அடைத்துவிட்டார்கள்.

இனி வரிசையாகப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. நிஸ்வா போய்ச் சேரும்போது ஹவுசிங் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், உள்ளே காற்று விரியும், போக வழி இல்லாமல் பினியன் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். சீல் கசிகிறது என்று ஒரு கராஜ் சீலை மாற்றும். சீலை மாற்ற பினியன் நட்டைக் கழற்ற வேண்டும், திரும்பப் போடும்போது இம்பாக்ட் கன்னை வைத்து நின்றுபோகும்வரை இறுக்குவார்கள். அந்த நட்டுக்குப் பின்னால் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது, அது நசுங்குகிற அளவுதான் பேரிங்கின் பிரீலோடை, அதாவது பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்பதை, தீர்மானிக்கிறது. கூடுதலாக நசுங்கினால் நட்டைத் தளர்த்திச் சரி செய்ய முடியாது, ஸ்லீவையே மாற்ற வேண்டும். யார் மாற்றுகிறார்கள்? பேரிங் சூடேறி நீலமாகிப் போகும். சரி, அடுத்த ஆக்ஸில் வருகிறது. இந்தத் தடவை வாதித் தண்ணீரில் இறங்குகிறது. நூறு டிகிரியில் இருந்த காற்று திடீரென்று முப்பதுக்கு இறங்கினால் அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும், அந்த வெற்றிடத்தை நிரப்ப தண்ணீர் சீல் உதட்டைத் தாண்டி உள்ளே போகும். சீல் உதடு உள்ளிருக்கும் எண்ணெயைப் பிடித்து வைக்கச் செய்தது, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதில் அது பலவீனம். ஒரு ரியால்கூடப் பெறாத ஹோஸ் இல்லாததால் அந்த மனிதர் சீசன் வருமானத்தையே ஆக்ஸிலில் கொட்டியிருக்கிறார். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது.

எங்கள் ஃபோர்மேன் பாகிஸ்தான்காரர், உஸ்தாத் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காரணம் தேடியது போதும், இன்னொரு ஸ்கிராப் ஆக்ஸிலைப் போட்டு அனுப்பு என்றார். அவர் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. ஆக்ஸிலை மாற்ற அரை நாள், கிரவுன் பினியனை அளந்து உட்கார வைக்க ஒரு முழு நாளுக்கு மேல். பில் வேலைக்குத்தான், யோசித்த நேரத்துக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கராஜுக்குப் போய்விடுவார். "உஸ்தாத், இது திரும்பி வந்தால் நம் பெயர்தான் கெடும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே இடைவெளி அளக்கும் டயல் கேஜை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு இணையாக மஞ்சள் பெயிண்ட் தடவிப் பல் படிவதைப் படிக்கத் தெரிந்தவரை நான் இங்கே பார்த்தது இல்லை, அந்தத் திறமையை ஸ்கிராப் மாற்றுவதிலேயே வீணாக்குகிறோம் என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று ஓட்டிப் பதம் பார்த்து வருபவை. ஆக்ஸில் குழாய்கள் இரண்டையும் கடைசிவரை கழுவினோம், பழைய செதில்கள் அங்கே தங்கியிருந்தால் புதுப் பேரிங்கையும் தின்றுவிடும். புது ஸ்லீவ். நட்டை நீளமான கைப்பிடியால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் பினியனைச் சுற்றிப் பார்க்கத் தேவைப்படும் விசையை அளந்தோம். வண்டிக்கு வண்டி மாறும், புதுப் பேரிங்குக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நியூட்டன் மீட்டர்தான், ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. ஸ்லீவை நசுக்க முந்நூறுக்கு மேல் விசை வேண்டும், பார்க்க வேண்டிய அளவோ வெறும் இரண்டு. அந்த இடத்தில் இம்பாக்ட் கன்னுக்கு வேலையே இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி 0.15 மில்லிமீட்டரில் நின்றது. எண்ணெய் ஜிஎல்-5 தரம். கிரவுனுக்கு மையத்திலிருந்து கீழே தள்ளி உட்காரும் பினியன் உருளுவதோடு வழுக்கவும் செய்யும், அந்த வழுக்கலைத் தாங்க இந்தத் தரம் கட்டாயம்.

வேலை முடியும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்பக்கம் ஒரு டயர் புதுசு, ஒன்று நன்றாகத் தேய்ந்தது. பஞ்சரானதை மட்டும் மாற்றியிருக்கிறார். தேய்மானத்தில் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் விட்டத்தில் பதினாறு, அதாவது நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போதுகூட ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குப் பத்துப் பதிமூன்று சுற்று குறைவாகச் சுற்றும். வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய உள் பற்சக்கரங்கள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் கிளட்ச் பிளேட் உராய்ந்தே தீரும். அந்த வகைக்கு எண்ணெயும் தனி, சாதாரண எண்ணெயை ஊற்றினால் பார்க்கிங்கில் திருப்பும்போது வண்டி உதறும், உடனே கிரவுன் போய்விட்டது என்று பயந்து ஓடி வருவார்கள். டயரை ஜோடியாக மாற்றச் சொன்னேன், மறு பேச்சில்லாமல் மாற்றினார்.

பிரீதர் ஹோஸை டெயில் லைட் உயரம் வரை ஏற்றிக் கட்டிக் கொடுத்தோம். தண்ணீரில் இறங்கிய பயணத்துக்குப் பிறகு நிரப்பும் பிளக்கைத் திறந்து விரல் விட்டு நிறம் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தோம். அவர் இன்னும் அதே வண்டியில்தான் மலைக்குப் போகிறார், எண்ணெய் மாற்ற மட்டும் வருகிறார். எங்கள் கராஜில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஆக்ஸில் வேலை எதுவானாலும் கழற்றிய பேரிங்கைத் துடைத்து ஒரு கவரில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பில்லோடு சேர்த்துக் கொடுக்கிறோம். சில பேர் வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அவற்றை உஸ்தாத் எடுத்து அலமாரியில் வண்டி நம்பர் வாரியாக அடுக்கி வைக்கிறார்.