மணிக்கட்டு சொல்லும் அழுத்தம்

உடலில் கட்டிய கருவியின் பதிவுகளைக் கொண்டு மன அழுத்தத்தைக் கண்டறியும் கணினி மாதிரியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தால், துல்லியம் எத்தனை சதவீதம் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. சோதிக்கப்பட்டவர்கள், மாதிரிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய பயிற்சித் தரவிலும் இருந்தார்களா என்றுதான் தேடுவேன். ஒரே ஆளின் பதிவைத் துண்டு துண்டாக நறுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், மாதிரி அந்த ஆளைத்தான் கற்றுக்கொள்கிறது. எண் பிரமாதமாக வரும். வேறொருவர் கையில் கட்டியதும் சரியும்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்த தரவுத் தொகுப்பு 2018இல் வெளிவந்த 'வெசாட்' (WESAD). இந்த விஷயத்தில் அது நேர்மையானது. 15 பேரில் முறைவைத்து ஒவ்வொருவராக விலக்கி, மற்றவர்களின் தரவில் பயிற்சி கொடுத்து, விலக்கியவரிடம் சோதித்தார்கள். அப்படியும், அழுத்தமா இல்லையா என்ற கேள்விக்கு 93 சதவீதம் வரை எட்டியது. மார்பில் ஒரு கருவி, மணிக்கட்டில் இன்னொன்று. மணிக்கட்டுக் கருவி இரத்த ஓட்டத்தை ஒளியால் நொடிக்கு 64 முறையும், தோலின் மின்கடத்துத்திறனை 4 முறையும் பதிந்தது. உடலைப் பரபரப்புக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டால் வியர்வைச் சுரப்பிகள் இயங்கும். ஓரிரு நொடிகளில் தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். வியர்வை கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அழுத்தத்தை எப்படி வரவழைத்தார்கள் என்று பாருங்கள். ஒரு குழுவின் முன்னால் நின்று பேச வேண்டும். பிறகு 2023 என்ற எண்ணிலிருந்து பதினேழு பதினேழாகக் குறைத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. இயல்பு நிலைப் பதிவின்போது கையில் பத்திரிகை கொடுத்து உட்காரவோ நிற்கவோ விட்டார்கள். அதாவது, ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் மௌனம். பேசும்போது மூச்சின் ஒழுங்கே மாறிவிடும்; மூச்சு மாறினால் இதயத்துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியும் மாறும். மாதிரி கண்டுபிடிப்பது அழுத்தத்தையா, பேச்சையா? இரண்டையும் பிரிக்க, பதற்றமில்லாமல் பேசும் பதிவுகளும் வேண்டும். இதைக் கேட்காமல் வெறும் சதவீதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் கட்டுரைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன.

இதைவிட என்னை வாட்டுவது இன்னொன்று. ஆளுக்கு ஆள் துடிப்பும் தோலும் வேறுபடுவதால், ஒவ்வொருவரின் தரவிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்துவிடுவது வழக்கம். நானும் அதைத்தான் செய்கிறேன். செய்யாமல் மாதிரி நிற்காது. என் அக்கா படுக்கையில் இருக்கும் மாமியாரை நெடுநாளாகக் கவனித்துக்கொள்கிறாள். இரவில் முழுத் தூக்கம் கிடையாது. அவள் கையில் கட்டியிருந்த கருவியின் பதிவை என் நிரலில் ஓட்டினால், பெரும்பாலும் 'இயல்பு' என்றே வருகிறது. அவளுடைய சராசரியே அந்தச் சுமைதான். அதைக் கழித்த பிறகு என்ன மிஞ்சும்? குழுவின் முன் நின்று பேசும் பத்து நிமிடத்தில் பிடிபடும் அழுத்தம் ஒரு மேடு. அவளுடையதோ மேடே இல்லாத உயர்ந்த சமவெளி. மேடுகளைத் தேடப் பழக்கிய மாதிரிக்கு அது தெரிவதில்லை.

மணிக்கட்டுச் சமிக்ஞைகள் காட்டுவது கிளர்ச்சியை, அதாவது உடலின் பரபரப்பை மட்டுமே. மாடி ஏறினாலும் காபி குடித்தாலும் நல்ல செய்தி கேட்டாலும் உடல் கிளர்ச்சியடையும். மாடி ஏறுவதை அசைவை அளக்கும் முடுக்கமானி காட்டிக்கொடுத்துவிடும்; நல்ல செய்தியை எந்த உணரியும் சொல்லாது. அதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும். இப்படி நிச்சயமில்லாத முடிவை ஒருவரின் மேலதிகாரி கையில் கொடுப்பதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உடல் தரவிலிருந்து உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருப்பது எனக்கு ஆறுதல். கணக்கீடு கருவிக்குள்ளேயே நடந்து, முடிவு அணிந்திருப்பவரிடம் மட்டும் போக வேண்டும்.

இப்போது அக்காவின் கைபேசிக்கு நாளில் சில வேளைகளில் ஒரு சிறு கேள்வி போகிறது: 'இந்த நேரத்தில் எப்படி இருக்கிறாய்?' அந்தப் பதில்களோடு, தூக்கத்தில் இருக்கும் துடிப்பை வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மேடுகளைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.