ஓடிபி, இனிஷியல், 14 பவுன்

2022 மார்ச்சில் மகளோடும் இரண்டு பெட்டிகளோடும் அம்மா வீட்டுக்கு வந்த அன்று இரவு, வங்கிச் செயலியின் கடவுச்சொல்லை மாற்றலாம் என்று போனை எடுத்தேன். ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்றது திரை. என் போனில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்துக் கணவரிடமிருந்து வாட்ஸப்: "ஓடிபி வந்திருக்கு. என்ன பண்ற?"

என் சம்பளக் கணக்குதான். மகள் வயிற்றில் இருந்தபோது அவர்தான் படிவம் நிரப்பினார், தன் நம்பரையே போட்டுவிட்டார். பத்து வருடம் அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பிஎஃப் கணக்கிலும் அதே நம்பர், கேஸ் இணைப்பிலும் அதே நம்பர். மறுநாள் கிளைக்கு நேரில் போய் மாற்றிக்கொண்டேன், ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்த இரவு தூக்கம் போனது போனதுதான். பிரிவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டீர்களா, வக்கீலைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கணக்குகளில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்களுடையது பரஸ்பர சம்மத விவாகரத்து. இந்து திருமணச் சட்டம் 13பி. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். சண்டை எல்லாம் முடிந்து இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகும் இரண்டு வருடம் எதற்கு ஓடியது என்பதுதான் இந்தக் கதை.

முதல் வீண் அலைச்சல் என் முட்டாள்தனத்தால் வந்தது. எங்கள் கல்யாணம் 2012-இல் மண்டபத்தில் நடந்தது, பதிவு செய்யவில்லை. திருமணச் சான்றிதழ் இல்லாமல் விவாகரத்து கிடைக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்ல, அரை நாள் லீவு போட்டு சார்பதிவாளர் அலுவலகம் போனேன். ஜன்னலில் இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "150 நாள் தாண்டிடுச்சே மேடம். வேற சட்டத்துல பண்ணலாம், வீட்டுக்காரரோட வாங்க" என்றார். எதற்கு என்று கேட்டார். விவாகரத்துக்கு என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள்.

வக்கீலம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பதிவு செய்யாததால் ஒரு திருமணம் செல்லாமல் போய்விடாதாம். பத்திரிகையும் தாலி கட்டும் போட்டோவும் எங்கள் மனுவுக்குப் போதுமானதாக இருந்தன. பத்திரிகை ஒன்றை அம்மா மஞ்சள் தடவிப் பூஜை அறையில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் அழுதார்.

அடுத்தது முகவரி. மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், 2003 திருத்தத்திலிருந்து அந்த வசதி உண்டு. ஆனால் என் ஆதாரில் இருந்தது அவர் வீட்டு முகவரி. அம்மாவின் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரைக் கல்யாணமான கையோடு நீக்கியாகிவிட்டது. ஆக, பிறந்து வளர்ந்த வீட்டில் நான் குடியிருக்கிறேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மனு ரிட்டர்ன் ஆனது.

குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு ஆதார் முகவரியை மாற்றும் வழி 2023-இல் வந்திருந்தது. அப்போது கட்டணம் 50 ரூபாய். நான் விண்ணப்பித்தால் அம்மா தன் ஆதாரில் நுழைந்து 30 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் ஆதாரில் இருந்த நம்பரோ அப்பாவுடையது. அப்பா தவறி நான்கு வருடம், அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் முதலில் அவர் நம்பரை மாற்றினேன். கைரேகை பதியவில்லை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள். இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி போனோம். பதிந்தது.

இனிஷியல் விவகாரம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கே உரியது என்று நினைக்கிறேன். என் சான்றிதழ்களில் அப்பாவின் ஆர். ஆதாரிலும் பான் கார்டிலும் கணவரின் எஸ். வீட்டுப் பத்திரத்தில் இனிஷியலே இல்லை, 'இன்னாரின் மனைவி' என்று இருக்கிறது. வக்கீலம்மா மனுவில் 'எஸ் இன்னார் என்கிற ஆர் இன்னார்' என்று இரண்டையும் சேர்த்து எழுதினார். தீர்ப்பிலும் அப்படியே வர வேண்டும் என்று வரைவை நான்கு முறை படித்தேன். இதில் சோம்பல்பட்டால் பிறகு பாஸ்போர்ட் வரை இழுக்கும்.

நகைக்கு வருகிறேன். 32 பவுன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டோமே தவிர, என் கையில் எந்தப் பட்டியலும் இல்லை. திருமணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-லிருந்தே விதி இருக்கிறது. யார் எழுதுகிறார்கள்? நல்லவேளையாகப் பெரியப்பா ஒரு நோட்டில் சீர் வரிசையை எழுதி வைத்திருந்தார். ஆரம், கல் வளையல் நான்கு, ஒட்டியாணம், எடையோடு. அண்டா, குத்துவிளக்கு, கிரைண்டர்கூட இருந்தது. அந்த நோட்டையும் கல்யாண ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்து, போட்டோவில் என் கழுத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக டிக் அடித்தோம்.

லாக்கர் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நான் திறந்தபோது 18 பவுன் இருந்தது. மீதி 14 அடகில். ரசீது அவர் பெயரில். "பிசினஸுக்குத்தான் வெச்சேன், திருப்பிடுவேன்" என்றார். ஸ்ரீதனம், அதாவது கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும், மனைவிக்கு மட்டுமே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பை அடகுக்கடையில் காட்டினால் நகை வராது, அசலும் வட்டியும் கட்டினால்தான் வரும். அதனால் ஒப்பந்தத்தில் தேதி போட்டு எழுதினோம்: ஆறு மாதக் காத்திருப்பு முடிந்து இரண்டாம் முறை ஆஜராகும் நாளுக்கு முன் 14 பவுனும் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் சம்மதம் சொல்ல மாட்டேன். 13பி-யில் தீர்ப்பு வரும் நாள்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும், இடையில் யாரும் பின்வாங்கலாம். பயமுறுத்தும் விஷயம்தான். எனக்கு அதுவே பிடிமானமாக இருந்தது.

வீட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஃபிளாட் இருவர் பெயரில், கடனும் இருவர் பெயரில். அவர் பாதியை எனக்கு விட்டுத்தர வேண்டும், மீதிக் கடன் என் தலையில். வங்கியில் கேட்டேன். "தீர்ப்பு காப்பி வாங்கிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். சரி என்று இருந்துவிட்டேன். தற்செயலாகப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருப் பத்திர எழுத்தர்தான் குண்டைத் தூக்கிப்போட்டார்: "தீர்ப்பு வந்துட்டா நீங்க ரெண்டு பேரும் குடும்பம் இல்லம்மா. அப்புறம் கிரயப் பத்திரம்தான் போடணும்."

கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் பாதியின் மதிப்பு 30 லட்சம். கிரயம் என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 2,70,000. கணவன் மனைவியாக இருக்கும்போதே செட்டில்மெண்ட், அதாவது குடும்பத்துக்குள் விட்டுத்தரும் பத்திரம், எழுதினால் முத்திரை 1 சதவீதம், அதாவது 30,000. பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. 40,000-இல் முடியும் வேலைக்கு 2,30,000 கூடக் கொடுக்க இருந்தேன். மறுநாளே வங்கிக்கு ஓடினேன். கடனை என் ஒருத்தி பெயருக்கு மாற்ற என் சம்பளம் தாங்குமா என்று பார்த்து, தடையில்லாச் சான்று கொடுக்க இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டார்கள். 2023 நவம்பரில் பதிவு முடிந்தது. பத்திர எழுத்தருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன். இந்த இரண்டு வருடத்தில் நான் சந்தோஷமாகச் செய்த ஒரே செலவு.

மகள் பற்றிய பகுதி நான் பயந்ததுபோல் இல்லை. அவள் என்னோடு, மாதம் இரண்டு ஞாயிறு அவரோடு, பள்ளிக் கட்டணம் பாதிப் பாதி. நான் எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல்லலாம், அவளுடைய பராமரிப்பை அவள் சார்பில் நான் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை வக்கீலம்மா இரண்டு முறை அழுத்திச் சொன்னார். பாஸ்போர்ட் புதுப்பிக்க அப்பா கையெழுத்துப் போட்டுத்தர வேண்டும் என்ற வரியை நான் கேட்டுச் சேர்த்தேன். ஒரு தோழி அந்த ஒரு கையெழுத்துக்காக எட்டு மாதம் கெஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றம் என்று பார்த்தால் 2023 ஜூனில் மனு, ஆலோசகரோடு ஒரு அமர்வு, அவ்வளவுதான். ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்று கேட்டேன். மனு போடும்போதே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டுமாம். எங்களுக்குப் பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பரில் இரண்டாம் முறை அழைத்தார்கள். நான் காலை பத்து மணிக்கே போய் உட்கார்ந்திருந்தேன். டவாலி மூன்று முறை பெயர் கூப்பிட்டார். அவர் வரவில்லை. நகையைத் திருப்பப் பணம் புரளவில்லை என்று சாயங்காலம் தகவல். வாய்தா. பொங்கலுக்குப் பிறகு இன்னொரு வாய்தா, அன்றைக்கு நீதிபதி விடுப்பு. பிப்ரவரியில் அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். நீதிமன்றத் தாழ்வாரத்து பெஞ்சிலேயே பெரியப்பா நோட்டை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு ஜோடி ஜிமிக்கி குறைந்தது. விட்டுவிட்டேன். உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வக்கீல் கட்டணத்துக்கு நான் சீட்டுப் பணத்தை எடுத்தேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. 15100-க்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஐந்து வாங்கி வைத்தேன். மூன்று ஏற்கெனவே போய்விட்டது. பிஎஃப்பிலும் எல்ஐசியிலும் நாமினி தானாக மாறாது, நாமேதான் மாற்ற வேண்டும், அது ஆயிற்று. ரேஷன் கார்டு மட்டும் பாக்கி. போன வாரம் போனபோது தீர்ப்பு நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஊழியர், "எல்லாம் சரியா இருக்கும்மா. குடும்பத் தலைவர் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.