கிராஸ் வெயிட் 94

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. பேக்கிங் லிஸ்டில் பெட்டியோடு சேர்த்த கிராஸ் வெயிட்டும் சரக்கின் நெட் வெயிட்டும் அரைக் கிலோ இடித்தால்கூடக் கண்ணில் பட்டுவிடும். என் சொந்த கிராஸ் வெயிட் 94 கிலோவுக்குப் போனது மட்டும் படவில்லை. பேன்ட் இறுகினால் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிடச் சொல்வேன், அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்தது அம்மாவால். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் அக்கா தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வருவார். அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அன்று நான் லீவில் வீட்டில் இருந்தேன். "நீயும் வெரலைக் காட்டுப்பா" என்றார். நாஸ்தா முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மெஷினில் சர்க்கரை 248.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 8.4 வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 150-க்குள் இருக்க வேண்டும், எனக்கு 268. என் உயரம் 168 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு வைத்திருக்கும் கணக்குப்படி அந்த உயரத்துக்கு 65 கிலோ வரைதான் சரியான எடை. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்றேன். பக்கத்து நாற்காலியில் மனைவி.

வெளியே வந்து ஆட்டோ ஏறுகிற வரைக்கும் அவள் பேசவில்லை. ஏறிய பிறகு சொன்னாள்: "இன்னாய்யா, என் சமையல்தான் உன்னை ஊத வெச்சுதா? நாளையிலேருந்து நீயே ஆக்கு. நானும் பாக்கறேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டில் நான் சாப்பிட்டது ராத்திரி ஒரு வேளைதான். காலையில் பீச் ஸ்டேஷன் அருகே தள்ளுவண்டிக் கடையில் நாலு பூரி, வடகறி. பதினோரு மணிக்கு டீயும் சமோசாவும். மதியம் பிரியாணியோ பரோட்டாவோ. சாயங்காலம் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. மஞ்சளும் ஆரஞ்சுமாக நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான பர்மா தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். நின்றுகொண்டே இரண்டு தட்டு உள்ளே போகும். அதற்குப் பிறகு ஒன்பதரை மணிக்கு வீட்டில் சோறு. டாக்டரிடம் நான் சொன்னது இந்தக் கடைசி வரியை மட்டும்.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது எல்லாமே முட்டாள்தனம். ஒரு தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து டயட் சார்ட் வாங்கினேன். அதில் ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி, கினோவா. கொருக்குப்பேட்டை மார்க்கெட்டில் கினோவா கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் 3,200 ரூபாய்க்கு ஒரு டப்பா பவுடரைத் தலையில் கட்டினார். மூன்றாம் நாளே வயிற்றைக் கலக்கியது. டப்பா இப்போதும் பரணில் இருக்கிறது.

சரி என்று அடுப்படிக்குள் போனேன். சமையல் தெரியாது. தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அதனால் அதிலிருந்தே ஆரம்பித்தேன். முதலில் எண்ணெய். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், கடையில் வாங்கும் சூரியகாந்தி எண்ணெய் மூன்றரை லிட்டர், ஆக நாலு பேருக்கு மாதம் நாலரை லிட்டர். தலைக்கு அரை லிட்டர் போதும் என்பது பொதுவாக டாக்டர்கள் சொல்கிற கணக்கு. நாங்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தோம், நான் வெளியே தின்றது தனி. ஒரு பாட்டிலில் பேனாவால் ஏழு கோடு போட்டேன். ஒரு கோடு நாலு நாளைக்கு. முதல் கோடு இரண்டாம் நாள் மத்தியானமே தீர்ந்துவிட்டது.

அடுத்து நானூறு ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரானிக் தராசு. வழக்கமாக எவ்வளவு சோறு போட்டுக்கொள்வேனோ அப்படியே தட்டில் போட்டு வைத்துப் பார்த்தேன். தட்டைக் கழித்து 620 கிராம். வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரி என்று வைத்தால் சோறு மட்டுமே 800 கலோரி! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத் தராசு வேணுமா, நான் வாயால சொல்லியிருப்பேனே" என்றாள். டீயையும் எண்ணினேன். ஒரு நாளைக்கு ஆறு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பன்னிரண்டு ஸ்பூன் என்றால் ஐம்பது கிராமுக்குக் குறையாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டே இதைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு தவறு செய்தேன். இதைப் படிக்கிறவர்கள் யாரும் செய்யக் கூடாது. தராசு பார்த்த வேகத்தில் மறுநாளே சோற்றை நூறு கிராமாகக் குறைத்து, டீயையும் நிறுத்திவிட்டேன். எனக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்று மெட்ஃபார்மின், இன்னொன்று கிளிமிபிரைடு. பின்னது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. நாலாம் நாள் சாயங்காலம் ராஜாஜி சாலையில் ஃபைலோடு நடந்தவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். கை நடுக்கம், சட்டை தொப்பலாக வியர்வை. பக்கத்துக் கடைக்காரர் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். அதைக் குடித்து ஆபீசுக்கு வந்து, அங்கே ஒருவரிடம் இருந்த மெஷினில் பார்த்தபோதும் 64. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. டாக்டர் நன்றாகத் திட்டினார். "சாப்பாட்டைக் குறைக்கப் போறேன்னா முதல்ல என்கிட்ட சொல்லணும்" என்று கிளிமிபிரைடை நிறுத்தினார். சோற்றை வாரத்துக்கு நூறு கிராம் வீதம் குறைக்கச் சொன்னார். 200 கிராமில் நின்றேன், இன்றுவரை அதுதான்.

இனி சமையல். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பு. அம்மா கணக்கில், மேலே எண்ணெய் மிதக்கவில்லை என்றால் அது குழம்பே இல்லை. நான் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வைத்த முதல் குழம்பு புளித்தண்ணியில் மீன் நீந்தியது போல இருந்தது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு முட்டை பொரிக்கப் போனாள். ஏழெட்டு ஞாயிறு ஆனது சரிப்பட. எண்ணெயைக் குறைத்தால் அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு எதற்காவது கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. பச்சை வாசனை போக்குவது எண்ணெயின் வேலை. அதற்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் வெறும் சட்டியில் உப்பு போட்டு மூடி வேக விட்டேன், அதன் தண்ணீரிலேயே மசாலாவை வதக்கினேன். கெட்டித்தன்மைக்கு மல்லித்தூள் ஒரு ஸ்பூன் கூட. மணத்துக்கு வெந்தயத்தை வறுத்துப் பொடித்துக் கடைசியில். மண்சட்டி கட்டாயம். அப்புறம், ராத்திரி வைத்துக் காலையில் சாப்பிட வேண்டும். மகள் இரண்டாவது தடவை குழம்பு கேட்ட அன்று நான் ஆபீசில் எல்லாருக்கும் சொன்னேன்.

மீன் வாங்குவதும் என் வேலை ஆனது. காசிமேட்டுக்கு ஞாயிறு விடியற்காலையில் போனால் தேர்க்கூட்டம். வஞ்சிரத்தின் பக்கம் போகவே மாட்டேன், விலை அப்படி. கவலை, காரப்பொடி, நெத்திலி, கானாங்கெளுத்தி, இவைதான் என் கட்சி. கவலை வாங்கினால் கவலை போகும் என்று மீன் வெட்டித் தரும் அக்கா சிரிப்பார். தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, மசாலா பூசிய மீனைப் போட்டு, மூடி வைத்துச் சின்னத் தீயில் விட்டால் எட்டு துண்டு வரும். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாளில் மீன் விலை கைக்கு எட்டாது. அப்போது முட்டை, காராமணி, பச்சைப்பயறு. கருவாடு ஆசைக்கு மட்டும். அதில் இருக்கும் உப்பு அம்மாவின் பிரஷருக்கு ஆகாது.

தட்டில் சாப்பிடும் வரிசையையும் மாற்றினேன். முதலில் பொரியலோ கீரையோ, அடுத்து மீனோ பயறோ, கடைசியில் சோறு. கொத்தவரங்காய், பீர்க்கங்காய், அவரை, முளைக்கீரை என்று எது மலிவோ அது, ஆனால் தட்டில் பாதி. சோற்றுக்குப் போகும்போது பசி முக்கால்வாசி அடங்கியிருக்கும்.

மெஷின் ஒன்று வாங்கிக் கொஞ்ச நாள் நானே சோதித்தேன். ஒரு ஸ்ட்ரிப் பதினைந்து இருபது ரூபாய், அதனால் புதுச் சாப்பாடு வந்தால் மட்டும். பெரிய அதிர்ச்சி கூழ்தான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் மாதிரி காய்ச்சி, கேழ்வரகு உடம்புக்கு நல்லது என்று ஒரு பெரிய செம்பு நிறையக் குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 218. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு இரண்டு அடையாகத் தட்டி, சுண்டலோடு சாப்பிட்ட அன்று 158. மாவாக அரைத்துக் கரைத்துவிட்டால் கேழ்வரகானாலும் அரிசியானாலும் உடம்புக்குள் ஓட்டம்தான். சிறுதானியம் என்று பேர் போட்டிருந்தால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை விரலைக் குத்திப் பார்க்கட்டும். என் உடம்புக்கு வந்த கணக்கு இது, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

நாலு மாதத்தில் 86 கிலோ. அப்புறம் ஏழு வாரம் முள் நகரவில்லை. மண்ணடியில் மெட்ரோவிலிருந்து இறங்கி ஆபீசுக்கு நடை, சாயங்காலம் இன்னும் அரை மணி நேரம் நடை, சோறு அளவாக, எண்ணெய் இரண்டு லிட்டருக்கு வந்துவிட்டது. என்ன ஓட்டை என்று தெரியவில்லை. கண்டுபிடித்தது மனைவி. "நீ ஆக்கச் சொல்லோ எத்தனை தடவ ருசி பாக்கறே?" வேர்க்கடலையை வறுக்கும்போது ஒரு பிடி, சுண்டல் தாளிக்கும்போது ஒரு கரண்டி, மீன் வேகும்போது உடைந்த துண்டு. இது எதுவும் தட்டுக்கே வராததால் கணக்கிலும் வரவில்லை. மகளை ருசி பார்க்கும் வேலைக்கு வைத்தேன். முள் நகர்ந்தது.

வடகறியை மீட்டுவிட்டேன். கடலைப்பருப்பை அரைத்து, எண்ணெயில் பொரிக்காமல் இட்லித் தட்டில் வேக வைத்து உதிர்த்துப் போட்டால் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வரும். அத்தோவை மீட்க முடியவில்லை. நூடுல்சைக் குறைத்து, கோஸைக் கூட்டி, வெங்காயத்தை வெறும் சட்டியில் வறுத்து எல்லாம் செய்தேன். வந்தது ஏதோ ஒரு சாலட். சிலதைக் கடையில்தான் சாப்பிட வேண்டும். சம்பளம் வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஒரு தட்டு, நின்றுகொண்டே. அன்று ராத்திரி சோறு கிடையாது.

பதினாலு மாதம் கழித்து 77 கிலோ, ஹெச்பிஏ1சி 6.1, டிரைகிளிசரைடு 148. மெட்ஃபார்மின் ராத்திரிக்கு ஒன்று இன்னும் இருக்கிறது. "போயிடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, அடங்கியிருக்கு" என்றார் டாக்டர். கணக்குப்படி இன்னும் 12 கிலோ பாக்கி. மனைவி வாரத்தில் மூன்று நாள் அடுப்படியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், ஆனால் மீன் குழம்பைத் தொடுவதில்லை.

போன மாதம் பாட்டிலில் ஒரு கோடு சீக்கிரமே இறங்கியிருந்தது. எல்லாரையும் விசாரித்தேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு மதியம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தால், அம்மா தன் கிண்ணத்தில் இருந்த குழம்பின் மேல் ஒரு கரண்டி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. என்னைப் பார்த்துவிட்டு, "மெதக்கலடா, அதான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் நோட்டில் 'இதர செலவு - அம்மா' என்று புதிதாக ஒரு வரி போட்டேன்.