தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி

என் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டார்கள். கலச நீர் ஊற்றி, மாலை மாற்றி, பந்தி முடிந்து, மூன்று மணிக்கெல்லாம் சென்னை வேன் கிளம்பத் தயார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறவில்லை.

"தரங்கம்பாடியா? அங்க என்ன இருக்கு? கோட்டையைப் பாக்க ஒரு மணி நேரம் போதுமே" என்றார் நாத்தனார். இவர் சிரித்துக்கொண்டே எங்கள் பையை வேனிலிருந்து இறக்கினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நாங்கள் போன ஊரெல்லாம் யாராவது ஒருவரின் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, இல்லையென்றால் காரியத்துக்கு. சும்மா போனது என்று ஒன்று கிடையாது.

காரைக்கால் பேருந்தில் ஏறினால் அரை மணிக்குள் தரங்கம்பாடி. மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் திரும்பினால் வெள்ளையடித்த நுழைவாயில் ஒன்று நிற்கிறது. டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டியது. மேலே டென்மார்க் மன்னரின் முத்திரை. அதற்கடியில் கீரைக்கூடை கட்டிய டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று எங்களை இடித்துவிடப் பார்த்துக் கடந்து போனது. வாயிலைத் தாண்டியதும் சத்தம் குறைந்துவிட்டது. நேராகப் போகும் ராஜா வீதியின் கடைசியில் கடல் தெரிந்தது.

தங்கியது ஒரு பழைய வீட்டில். உயரமான கூரை, தூண் வைத்த தாழ்வாரம், வாசலில் திண்ணை. ஃபோனில் பேசும்போது 'வெந்நீர் இருபத்து நாலு மணி நேரமும் வரும்' என்றார்கள். வந்தது வாளியில், ஒரு பையன் தூக்கிக்கொண்டு. அதற்குப் பரிகாரம் போல ராத்திரி அந்த வீட்டு அம்மா வைத்த நெத்திலிக் குழம்பு இருந்தது. மாங்காய் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க. இவர் மூன்றாம் முறை சோறு கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டான்ஸ்போர்க் கோட்டையை மறுநாள் காலையில் பார்த்தோம். நாத்தனார் சொன்னது சரிதான், ஒரு மணி நேரம் போதும். ஆனால் இவரோடு போனால் போதாது. பெயர்ப்பலகை, கல்வெட்டு, தீயணைப்பு வாளியில் எழுதியிருப்பது வரை எல்லாவற்றையும் படிப்பவர். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறை அறையும், மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருந்த அறைகள். நடு அறையில் வளைந்த கூரையின் பாரம் முழுவதையும் ஒரே தூண் தாங்குகிறது. இவர் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, தட்டிப் பார்த்து, "நம்ம வீட்டுல நீ மாதிரி" என்றார். சீண்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று இன்னும் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது இந்தக் கோட்டை வந்த கதை. டேனிஷ்காரர்கள் குறிவைத்தது இலங்கையை. கண்டி அரசரோடு உடன்பாடு செய்து அங்கே இடம் பிடிப்பதுதான் திட்டம். அது கைகூடவில்லை. முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர்கள் அழித்துவிட்டார்கள். அதில் தப்பித்த ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் அரண்மனை வரைக்கும் போய்ச் சேர்ந்தார். அந்தத் தொடர்பில்தான் 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் செய்து இந்த இடத்தைக் கொடுத்தார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் டென்மார்க்கில் இன்றும் இருக்கிறது. கண்டி போய்த் தரங்கம்பாடி வந்த கதை! பெண் பார்க்கப் போன வீட்டில் சரிப்படாமல் அடுத்த தெருவில் முடித்துக்கொண்டு வந்தது போல.

இருநூற்றுச் சொச்சம் வருஷம் வைத்திருந்துவிட்டு 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். "தாம்பரத்துல கார் நிறுத்துற இடம்கூட இந்த விலைக்கு வராது" என்றார் இவர். அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்த ஊருக்கு மயிலாடுதுறையிலிருந்து ரயில் வந்தது 1926-ல். அதையும் எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். ஊர் இப்படியே நின்றுபோனதற்கு நன்றி சொல்ல வேண்டியது இந்த நஷ்டங்களுக்குத்தான் என்று நினைத்தேன். அங்கேயே பிழைக்க வேண்டியவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ராஜா வீதியில் சீயோன் கோயில் 1701-ல் கட்டியது, புது எருசலேம் ஆலயம் 1718-ல். இரண்டாவதைக் கட்டிய சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மன் பாதிரியார், அதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலை 9-ல் இங்கே கப்பலிலிருந்து இறங்கியவர் 1719-ல் இறந்தபோது வயது 36. நடுவில் நான்கு மாதம் இதே கோட்டையில் சிறை வைத்ததும் அவருடைய சொந்த ஆட்கள்தான், டேனிஷ் தளபதியே. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த கதை தெரிந்ததுதான். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பொறையாறு பக்கம் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்றே அங்கே ஓர் இடம் இருக்கிறது.

அச்சுக்கூடத்தைவிட என்னை நிறுத்தியது வேறு. வளர்ந்த மனிதர், படித்தவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகியிருக்கிறார். சாயங்காலம் கடற்கரையில் நானும் எழுதிப் பார்த்தேன். ஈர மணலில் 'அ' சுலபம். 'ஆ'வின் அந்தச் சுழியில் மணல் சரிகிறது. 'ஈ' எழுதி முடிப்பதற்குள் அலை வந்து இரண்டு புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அடுத்த எழுத்து?" என்று நின்றார். இருபது வருஷம் வகுப்பில் எழுதிய எழுத்து.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது, பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அலை உடையும் கருங்கற்களுக்கு நடுவே பழைய செங்கல் துண்டுகள் கிடக்கின்றன. கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. 'அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி' என்று எல்லோரும் அழகாகச் சொல்கிறார்கள். வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள்? பாடி என்றால் ஊர், அவ்வளவுதான் என்று நான் சொன்னதும் இவருக்குக் கோபம். "எல்லாத்துக்கும் இலக்கணம் பேசாதே."

பக்கத்தில் ஒரு பெரியவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, நூல் சுற்றிய ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுத்து ஒரு முடிச்சு. பார்க்காமலே போடுகிறார். வீடு எங்கே ஐயா என்று கேட்டேன். "முன்னாடி இங்கதாம்மா, தோ அந்தத் தென்னைகிட்ட. சுனாமிக்கு அப்புறம் உள்ள கட்டிக் குடுத்துட்டாங்க. தூங்கத்தான் அங்க, மத்தபடி இங்கதான்." ஊசியை நிறுத்தவில்லை. நாங்களும் மேலே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் ராத்திரி எட்டரைக்கு மின்சாரம் போனது. ஃபேன் நின்றது, பக்கத்து வீட்டு சீரியல் நின்றது. திண்ணைக்கு வந்து உட்கார்ந்தோம். அதுவரை காதில் விழாமலே இருந்த கடல் அப்போது கேட்டது. ஓர் அலை உருண்டு வந்து கல்லில் மோதி, சரளைக்கற்களை அரித்துக்கொண்டு பின்வாங்கும். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். இவர் விசிறியை என் பக்கம் வீசிக்கொண்டே, "இப்போ சொல்லு, பாடுதா இல்லையா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்.

கிளம்பும் நாள் காலையில் நுழைவாயிலுக்கு வெளியே டீக்கடையில் நின்றபோது நாத்தனார் ஃபோன். "என்னப்பா, வீடு போய்ச் சேந்தீங்களா?"

"இல்லக்கா, இன்னும் தரங்கம்பாடிதான்."

"ரெண்டு நாளா அங்க என்னத்தப்பா பாக்குறீங்க?"

இவர் ஃபோனை என்னிடம் நீட்டினார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னேன். காரைக்காலிலிருந்து வந்த மயிலாடுதுறை பஸ் நின்று, பார்த்து, போய்விட்டது.