யானைமலையில் ஒரு வழுக்கு

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால், ஒத்தக்கடை வருவதற்கு முன்பே ஜன்னலில் யானை தெரிந்துவிடும். துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற கல் யானை. நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்த மலைதான், ஏறியது போன மாதம்தான்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "இந்தக் கரட்டுல எந்தப் பக்கம் ஏறணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"கரடா? இது மலை தம்பி. அந்தா, உடைகல்லும் முள்ளுமாக் கெடக்குல்ல, அதான் கரடு."

கரடுமுரடு என்று வாய் ஓயாமல் சொல்கிறோம், அந்தக் கரட்டை அன்றுதான் நேரில் பார்த்தேன். (திருநெல்வேலிக்காரர்களாக இருந்தால் பொத்தை என்றிருப்பார்கள்.) யானைமலையில் முரடே இல்லை. மேல்தோல் ஏடு ஏடாக உரிந்து, விலாப்புறம் மழமழவென்று நெட்டுக்குத்தாக இறங்குகிறது. "படிய விட்டு அங்கிட்டுப் போகாத, அது வழுக்கு" என்றார். பெயர்ச்சொல்லாகவே சொன்னார், ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி.

கீழே நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைந்தது. நீர் தெளித்துக் குடமுழுக்கு செய்வதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. எனக்கு அதைவிட மேலே இருக்கும் சமணர் படுக்கைதான் பிடித்தது. அங்கே தமிழ்ப் பிராமியில் 'இவ குன்றம்' என்று வெட்டியிருக்கிறது. இவம், அதாவது இபம், என்றால் யானை. சுமார் 2000 வருடங்களுக்கு முன்பு இங்கே படுத்தவர்களுக்கும் இது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது! மதிய வெயிலிலும் படுக்கை சில்லென்று இருந்தது. அரைமணி நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

இறங்கும்போது புத்தி கெட்டு, குறுக்கு வழி என்று நாலடி வழுக்கில் கால் வைத்தேன். உட்கார்ந்த வாக்கில் தேய்ந்து வந்ததில் பேன்ட் போனது. நிமிர்ந்தால், எனக்கு மேலே அதே சரிவில் அந்த அம்மாவின் வெள்ளாடு ஒன்று நின்றுகொண்டு எதையோ மென்றது. சங்கப் பாட்டில் செங்குத்து மலைக்கு வரை என்று பெயர். வரையாடு என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது. இது நாட்டு ஆடு, அதற்கு அதெல்லாம் தெரியாது. கீழிருந்து "ஏய், எறங்கு!" என்று ஒரு சத்தம். ஆட்டுக்கா எனக்கா என்று தெரியவில்லை.